கடைசி வளைவில் ஒரு விளக்கு

கேளிக்கைப் பூங்கா ஒன்றின் பேய் ரயிலில், அதாவது இருட்டுக் கொட்டகைக்குள் வண்டியில் போய்ப் பயந்து வரும் ரைடில், கடைசி வளைவில் எப்போதும் எரியும் ஓர் எக்ஸிட் விளக்கைப் பொருத்துவது என்று முடிவு செய்தவன் நான். வரைபடத்தில் கையெழுத்திட்டவனும் நானே. அந்த முடிவைப் பற்றி இன்று யார் கேட்டாலும் அன்று சொன்ன காரணங்களையே சொல்வேன். ஆனால், அவற்றைச் சொல்லி முடித்தபின் கடைசியாக நான் சொன்ன ஒரு வாக்கியமும், அதைக் கேட்டவர் அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டுவிட்டதும் இத்தனை காலம் கழித்தும் மனத்தை அரித்துக்கொண்டிருக்கின்றன.

அவர் அந்த ரைடின் ஆபரேட்டர். இளைஞராக வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும் வயதை நெருங்கும்வரை அந்த ஒரு ரைடைத் தவிர வேறெதிலும் நிற்காதவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் அழைத்தோம். புதுப்பிப்பதற்காக ரைடு மூடப்பட்டபோது மின்பணிகள் என் பொறுப்பில் இருந்தன. அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கடைசி வளைவை மட்டும் இருட்டாகவே விட்டுவிட முடியுமா? காரணத்தையும் அவரே சொன்னார். "அங்க வெளிச்சம் வந்துட்டா, அங்க ஒண்ணுமே இல்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடும் தம்பி."

உண்மையில் அங்கே ஒன்றுமே இல்லை. மற்ற திருப்பங்களில் எல்லாம் ஏதாவது ஒன்று காத்திருந்தது. வண்டியின் சக்கரம் தண்டவாளத்தை ஒட்டியிருக்கும் மிதி சுவிட்சை அழுத்தும். அந்த நொடியில் விளக்கு எரியும், ஹாரன் அலறும், காகிதக் கூழால் செய்த எலும்புக்கூடு முன்னால் பாயும். கடைசி வளைவில் சுவிட்ச் கிடையாது, உருவம் கிடையாது. கூரையிலிருந்து தொங்கிய கறுப்பு நூல்கள் மட்டுமே இருந்தன. அந்த நூல்களை அண்ணனே அறுத்து, அவரே கட்டுவார். சில நூல்கள் பெரியவர்களின் காதளவில் நிற்கும். சில, மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் நெற்றியைத் தொடும் அளவுக்கு இறங்கும். ஒன்றிரண்டு மட்டும், வண்டி திரும்பும்போது பின்கழுத்தில் படும்படி ஓரமாகத் தொங்கும். தண்டவாளத்து கிரீஸும் தூசியும் ஏறிப் பிசுபிசுத்துப்போன நூலை அவர் ஒருநாள்கூட விட்டுவைத்ததில்லை. ஈரமாக ஏதாவது பட்டால் மனிதன் கையால் துடைத்துப் பார்ப்பான், நூல் என்று தெரிந்துகொள்வான். காய்ந்த நூல் பட்டுப் போனால் என்ன பட்டது என்றே தெரியாமல் வெளியே வருவான் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு எவ்வளவு சரி என்பதை ரைடு மூடப்படுவதற்கு முந்தைய நாட்களில் என் காதாலேயே கேட்டேன். சிறுவயதில் வந்தவர்கள், இப்போது பேரக்குழந்தைகளோடு, கடைசியாக ஒருமுறை ஏறிப் பார்க்க வந்தார்கள். இறங்கியதும் பலரும் அண்ணனிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: கடைசியில் இருந்ததை எப்போது எடுத்தீர்கள்? ஒருவருக்கு அது மூடி திறக்கும் சவப்பெட்டி. இன்னொருவருக்குச் சிரித்தபடி கையை நீட்டும் கிழவி. ஓர் அம்மாள், தம் தோளைப் பிடித்து இழுத்த குரங்குக் கையைப் பற்றி அதன் முடியின் நிறத்தோடு விவரித்தார். அண்ணன் யாரையும் மறுக்கவில்லை. "அது ரொம்ப நாளைக்கு முன்னாடிங்க" என்று மட்டும் சொல்வார். அது பொய் என்று அப்போது எனக்குத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. ஆனால் அதை வேறு என்னவென்று சொல்வது என்றும் தெரியவில்லை.

இந்த வகை ரைடுகளின் பூர்வீகத்தை அறிந்தவர்களுக்கு அண்ணனின் வளைவு ஒன்றும் விசித்திரமாக இருக்காது. 1901இல் அமெரிக்காவின் பஃபலோவில் நடந்த பான்-அமெரிக்கன் கண்காட்சியில் ஃபிரெடெரிக் தாம்சன் அமைத்த நிலவுப் பயணம் என்ற ரைடும், 1905இல் இங்கிலாந்தின் பிளாக்பூலில் திறக்கப்பட்ட ரிவர் கேவ்ஸ் படகுப் பாதையும் பெரும் செலவும் பெரிய இடமும் கேட்டவை. நியூ ஜெர்சியின் பிரிட்ஜ்டனில் லியான் காசிடி, 1928 வாக்கில், ஒற்றைத் தண்டவாளத்தில் மின்சாரத்தால் ஓடும் சிறு வண்டியைக் கொண்டுவந்த பிறகுதான் எளிய பூங்காக்களுக்கும் இருட்டு கட்டுப்படியானது. பிரெட்சல் என்ற பெயரில் விற்கப்பட்ட அந்த ரைடில் தண்டவாளம் ஒரு சிறிய கொட்டகைக்குள் மடிந்து மடிந்து ஓடும். பயணி எங்கோ வெகுதூரம் வந்துவிட்டதாக நம்புவார். ஏறிய மேடைக்கும் அவருக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான் இருக்கும். 1930இல் பிளாக்பூலுக்கு இந்த வகை வந்தபோது கோஸ்ட் ட்ரெயின் என்று பெயரிட்டார்கள். பிறகு அந்தப் பெயரே உலகெங்கும் பரவியது. இருக்கும் பணத்தில் வாங்கக்கூடிய உருவங்கள் சில. கறுப்புச் சாயம் பூசிய சுவர்களோ ஏராளம். ஆகவே ஒன்றும் இல்லாத இடங்களையும் வேலை செய்ய வைத்தார்கள். கையில் பணமில்லாதவர்கள் கண்டுபிடித்த உத்தி அது என்றாலும், அதைவிடச் சிறந்த உத்தியை இந்தத் தொழில் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை என்பது என் கருத்து. 1969இல் டிஸ்னிலேண்டின் ஹாண்டட் மேன்ஷனில் பயணியின் இருக்கையையே தேவையான பக்கம் திருப்பும் வண்டிகள் வந்தன. அற்புதமான பொறியியல் அது. ஆனால், அங்கே எதைப் பார்க்க வேண்டும் என்பதை வண்டி முடிவு செய்கிறது. அண்ணனின் வளைவில் பயணி தானே எதையோ பார்த்தார்.

இவ்வளவையும் உணர்ந்திருந்தும் நான் ஏன் மறுத்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். தொலைதூரம் வந்துவிட்டோம் என்ற மயக்கம்தான் அந்த ரைடின் அழகு. தீ பிடித்தால் அதே மயக்கம்தான் ஆளைக் கொல்லும். 1979 ஜூன் 9 அன்று இரவு சிட்னியின் லூனா பார்க்கில் கோஸ்ட் ட்ரெயின் எரிந்தபோது ஆறு சிறுவர்களும் ஒரு தந்தையும் இறந்தார்கள். 1984 மே 11 அன்று நியூ ஜெர்சியில் ஒரு பூங்காவின் பேய்க் கோட்டையில் எட்டுப் பதின்வயதினர் இறந்தார்கள். லாரிப் பெட்டிகளை இணைத்து அமைத்த அந்தக் கோட்டையில் தண்ணீர் தெளிப்பான்கள் இல்லை. அங்கே ஒரு விளக்கு சரியாக வேலை செய்யாததால், வழி பார்க்க ஒரு சிறுவன் சிகரெட் லைட்டரைப் பற்றவைத்ததாகவும், அது சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் பட்டதாகவும் உடனிருந்தவர் சொன்னார். அதற்கும் முன்னால், 1911 மே மாதம், நியூயார்க்கின் கோனி ஐலண்டின் டிரீம்லேண்ட் பூங்கா முழுவதும் எரிந்தது. அதுவும் ஓர் இருட்டுப் படகு ரைடிலிருந்தே தொடங்கியது. பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர்களின் விளக்குகள் வெடித்து அணைந்தன. இருட்டில் கொதிக்கும் தார் வாளி கவிழ்ந்தது. 1911இலும் 1984இலும் முதலில் போனது வெளிச்சம். அதன் பிறகுதான் தீ வந்தது. இதைப் படித்த நாளிலிருந்து, கட்டடத்துக்குள் இருக்கும் எந்த இருட்டையும் வெறும் அலங்காரமாக என்னால் பார்க்க முடியவில்லை.

இவற்றையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன், ஆண்டுகளோடு சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சிட்னியில் இறந்த சிறுவர்களைப் பற்றிச் சொன்னபோது கையிலிருந்த நூற்கண்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆகவே, அவர் பாதுகாப்பை அலட்சியம் செய்தவர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவர் வாதம் வேறாக இருந்தது. விளக்கு இருக்கட்டும், ஆனால், புகையைக் கண்டால் மட்டும் எரியட்டும் என்றார். இது படிக்காதவர் சொன்ன யோசனை என்று ஒதுக்கிவிட முடியாது. இத்தகைய ரைடுகளுக்கு அமெரிக்கக் கட்டட விதிகள் அனுமதிக்கும் முறையே ஏறத்தாழ அதுதான்: ஸ்மோக் டிடெக்டர் இயங்கியதும் குழப்பும் ஒலிகள் நின்று, விளக்குகள் எரிந்து, வெளியேறும் வழிக் குறிகள் தெரிய வேண்டும். எங்கள் பணிக்கும் அந்த முறை பொருந்தியிருக்கும். இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்கு இருந்தது. விதிமுறை என்னைக் கட்டாயப்படுத்தியது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

நான் சொன்ன பதில் இது: எப்போதும் அணைந்திருக்கும் விளக்கு கெட்டுப்போனால் யாருக்கும் தெரியாது. எரிந்துகொண்டே இருக்கும் விளக்கு அணைந்தால், அடுத்த வண்டியில் வருபவருக்கே தெரிந்துவிடும். தூசியும் கிரீஸ் படலமும் நிறைந்த கொட்டகையில் டிடெக்டரை நம்புவதைவிட, கண்ணுக்குத் தெரியும் ஒரு பச்சை விளக்கை நம்புவது மேல். இந்தப் பதிலை இன்றும் ஒரு சொல்கூட மாற்ற மாட்டேன்.

அதற்கு அவர், "நான்தான் தினமும் காலையில எல்லா விளக்கையும் போட்டுப் பாக்குறேனே தம்பி. அதையும் சேத்துப் பாத்துக்கிட்டாப் போச்சு" என்றார்.

நான், "நீங்க இல்லாத நாள்ல அண்ணே?" என்றேன்.

விடுமுறை நாளைத்தான் நினைத்துக் கேட்டேன் என்று பல நாட்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் ஓய்வு பெறும் நாளையும் சேர்த்துத்தான் கேட்டேன் என்பது, கேட்ட மறுகணமே இருவருக்கும் தெரியும். பொறியியலில் இது நியாயமான கேள்வி மட்டுமல்ல, கேட்டே ஆக வேண்டிய கேள்வி. ஒரு மனிதரின் அக்கறையை நம்பி ஓர் அமைப்பைக் கட்டினால், அவர் போனதும் அது வெறும் கம்பியும் குழாயும் ஆகிவிடும். கட்டடங்களில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன என்பது என் நம்பிக்கை. ஆனால், அந்த ரைடு முழுவதுமே ஒரு மனிதரின் அக்கறையை நம்பித்தான் இத்தனை ஆண்டுகள் ஓடியது என்பதும் உண்மை. நூல்களின் நீளத்தை எந்த வரைபடமும் சொல்லவில்லை. கடைசிக் கதவின் ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினால் வண்டி முட்டும்போது அது படாரென்று திறக்கும், எவ்வளவு தளர்த்தினால் வெறுமனே விலகும் என்பது அவர் கைக்கு மட்டுமே தெரிந்த அளவு. இவற்றையெல்லாம் அவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொண்ட நான், காலைப் பரிசோதனையை மட்டும் எழுத்தில் ஒரு நடைமுறையாக்கி, அடுத்து வருபவரிடம் ஒப்படைக்க முடியும் என்று ஏன் நினைக்கவில்லை? நினைத்தேன் என்றே ஞாபகம். எழுதிவைத்த நடைமுறைகள் எப்படி நாளடைவில் கையெழுத்துக்கு மட்டும் ஆகிவிடுகின்றன என்பதை அதற்குமுன் பார்த்திருந்ததால் ஒதுக்கினேன் என்றும் ஞாபகம். இதில் எது அன்றே தோன்றியது, எது பிறகு நான் சேர்த்துக்கொண்டது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த வளைவில் சவப்பெட்டியைப் பார்த்தவரும் பொய் சொல்லவில்லை அல்லவா?

புதுப்பிப்பு முடிவதற்குள் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். ரைடு நன்றாகவே ஓடியது. புதிய டிடெக்டர்கள், தெளிப்பான்கள், தீ எளிதில் பற்றாத துணிகள், கடைசி வளைவில் பச்சை விளக்கு. பச்சை ஒளியில் நூல்கள் நூல்களாகவே தெரிந்தன. குழந்தைகள் கையை உயர்த்தி அவற்றைப் பிடித்து இழுத்தார்கள். சில வாரங்களில் பாதி நூல் அறுந்துபோயிற்று. மறுபடி கட்டலாமா என்று புதிய ஆபரேட்டர் என்னிடம் கேட்டார், தேவையில்லை என்றேன். அங்கே ஓர் உருவம் வைக்கலாம் என்று நிர்வாகம் யோசனை சொன்னபோது மட்டும் உடன்படவில்லை. அதற்கு நான் எழுதிக் கொடுத்த காரணம் மின்சுமை. மின்சுமை உண்மைதான், ஆனால் அது ஒரு பொருட்டே அல்ல.

உலகில் இன்னும் சில பழைய இருட்டு ரைடுகள் அன்போடு ஓடிக்கொண்டிருக்கின்றன. வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் குரோட்டன்பான் என்ற குகை ரயில் இருக்கிறது. கோனி ஐலண்டில் 1955இல் தொடங்கிய ஸ்பூக்-எ-ராமா இருக்கிறது. பென்சில்வேனியாவின் நோபல்ஸ் பூங்காவில் 1973இல் தொடங்கிய ஹாண்டட் மேன்ஷன் இருக்கிறது. அங்கெல்லாம் பழைய உருவங்களுக்குக் காட்டப்படும் அக்கறையைப் பார்க்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. அதே சமயம், ஒன்றும் இல்லாத வளைவுகளை யார் பாதுகாப்பார்கள் என்ற கேள்வியும் எழுகிறது. உருவத்தைத் தூசி தட்டி, சாயம் பூசி வைக்கலாம். இருட்டைப் பாதுகாக்க வேண்டுமானால் அதன் பக்கத்திலேயே ஒருவர் தினமும் இருந்தாக வேண்டும்.

அண்மையில் வேறொரு பழைய ரைடின் வரைபடம் கருத்துக் கேட்டு என்னிடம் வந்தது. அதிலும் உருவம் ஏதுமற்ற ஒரு திருப்பம் இருக்கிறது. எப்போதும் எரியும் விளக்கு, புகை வந்தால் மட்டும் எரியும் விளக்கு என்று இரண்டு முறைகளையும் எழுதி, இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு காலையிலும் பரிசோதிக்கப்போவது யார், அவர் வராத நாளில் யார் என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன். துறையின் பெயரை எழுதி அனுப்பினால் போதாது, ஆட்களின் பெயர்களே வேண்டும் என்றும் குறிப்பிட்டிருக்கிறேன். அவை வந்தால் அந்தத் திருப்பத்தை இருட்டாக விடுவதற்கு ஒப்புக்கொள்வேன் என்று நினைக்கிறேன். அண்ணனுக்கு மறுத்ததை முன்பின் தெரியாத இரண்டு பெயர்களுக்கு எப்படி ஒப்புக்கொள்வேன் என்பதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.