கொதிக்கவைத்த தயிர்நீரில் என்ன மிஞ்சும்?

மூன்று வாரமாக ஒரே கேள்வியோடு பாலுக்கு உறை ஊற்றிக்கொண்டிருக்கிறேன். பாக்டீரியா செத்த பிறகும் அது செய்து வைத்தது மிஞ்சுமா?

முதல் வாரம் அளவெடுப்பதோடு சரி. காய்ச்சி ஆறவைத்த பால், 42 டிகிரி வெதுவெதுப்பு, புளிப்பை அளக்கும் பிஹெச் தாள் (எண் இறங்கினால் புளிப்பு ஏறுகிறது). தொடக்கத்தில் 6.6. முதல் இரண்டு மணி நேரம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் மளமளவென்று இறங்கியது. 4.6-ஐ ஒட்டியபோது கிண்ணத்தைச் சாய்த்தேன், பால் நகரவில்லை. பாலின் சர்க்கரையான லாக்டோஸைத் தின்று பாக்டீரியா வெளியிட்ட லாக்டிக் அமிலம், கேசீன் புரதத்தைத் திரட்டிவிட்டது. கரண்டியைத் தூக்கினால் மெல்லிய இழை தொங்கியது. சில வகை பாக்டீரியாக்கள் இப்படிச் சர்க்கரைச் சங்கிலிகளையும் பின்னி வெளியே விடும்; தயிரின் வழுவழுப்பு அதிலிருந்துதான். அதைப் பார்த்த சந்தோஷத்தில் அரை மணி நேரம் வேறு வேலை ஓடவில்லை.

இரண்டாம் வாரம்தான் நான் காத்திருந்த சோதனை. தயிர்மேல் தெளிந்த நீரை வடித்து இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியை 10 நிமிடம் கொதிக்கவிட்டேன். தயிர் மணம் போய்விட்டது. அந்த மணத்துக்கு முக்கியக் காரணமான அசிட்டால்டிஹைடு சட்டென்று ஆவியாகிவிடும். புளிப்பு அப்படியே இருந்தது, தாளின் நிறமும் மாறவில்லை. இரண்டிலும் ஒவ்வொரு ஸ்பூன் எடுத்துப் புதுப் பாலில் விட்டேன். எட்டு மணி நேரத்தில் ஒன்று கெட்டியாக உறைந்தது, மற்றது பாலாகவே கிடந்தது. அமிலம் இருக்கிறது, உயிர் இல்லை.

உடம்புக்கு இதில் என்ன? லாக்டோஸ் செரிக்காத பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்வது, அந்தச் சர்க்கரையை உடைக்கும், பாக்டீரியாவிலுள்ள லாக்டேஸ் நொதியால். கொதித்தால் அது போச்சு. ஆனால் எல்லாப் பயனும் உயிரோடு போவதில்லை. செத்த நுண்ணுயிரும் அதன் பாகங்களும் நன்மை தந்தால் அதற்கு ‘போஸ்ட்பயாடிக்’ என்று பெயர். 2021-இல் ஒரு சர்வதேச அறிவியல் குழு வகுத்த வரையறை இது. நன்மை நிரூபிக்கப்பட வேண்டும் என்பதும் அதில் உண்டு. அதனால் என் கொதித்த நீருக்கு அந்தப் பெயரைச் சூட்ட மாட்டேன்.

இப்போது முட்டைக்கோஸ். புளித்த முட்டைக்கோஸில் பாக்டீரியா உண்டாக்கும் டி-ஃபினைல்லாக்டிக் அமிலம், மனித நோயெதிர்ப்புச் செல்களில் இருக்கும் ஹெச்சிஏ3 என்ற ஏற்பியை, அதாவது வேதிச் சைகையைப் பிடிக்கும் புரதத்தை, தூண்டுகிறது என்று 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. படித்ததிலிருந்து கை சும்மா இருக்கவில்லை. எடையில் 2 சதவீதம் உப்புப் போட்டுப் பிசைந்து, தன் நீரிலேயே மூழ்கும்படி அழுத்தி வைத்திருக்கிறேன். இன்று நான்காம் நாள். ஓரத்தில் குமிழி ஏறுகிறது, தாள் 4-ஐ நெருங்குகிறது.