அம்மாவோட எக்ஸ்ரேயும் கானாங்கத்த நடுமுள்ளும்

போன மாசம் அம்மாவுக்கு இடுப்பு பிடிச்சிக்கிச்சுன்னு பாண்டில ஒரு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனேன். கடலூர்லேர்ந்து 20 சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனா அன்னிக்கி பஸ்சு ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்கும்போதும் அம்மா என் கையை இறுக்கிப் பிடிச்சிக்கிட்டே வந்தாங்க. எக்ஸ்ரே பாத்த டாக்டர் "எல் ஃபோர் எல் ஃபைவ் தேய்மானம், வெயிட் தூக்காதீங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்ட்டுட்டாரு. வெளிய வந்ததும் அம்மா கேட்ட மொத கேள்வி, "எல்லுன்னா என்னாடா?"

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சிக் காட்டுனேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு "கானாங்கத்த நடுமுள்ளு மாதிரியே இருக்கே"ன்னாங்க. 30 வருஷமா கடலூர் தேவனாம்பட்டினத்துலேர்ந்து தலைல கூடை வச்சி தெருத்தெருவா மீன் வித்தவங்க, முள்ளப் பத்தி அவங்களுக்குத் தெரியாததா. நம்ம பாடப்புத்தகத்துல கூட அதுக்குப் பேரு முள்ளெலும்புதான்.

அதுக்கப்புறம் நாலஞ்சு ராத்திரி உக்காந்து படிச்சேன். நம்ம உடம்புல இருக்கற 206 எலும்புல கை கால் தோள்பட்டை இடுப்பெலும்பு எல்லாத்தையும் கழிச்சிட்டா நடுவுல நிக்கறது 80, இதத்தான் அச்சுச் சட்டகம்னு சொல்றாங்க. மண்டையும் முகமும் சேந்து 22, ரெண்டு காதுக்குள்ளயும் மும்மூணு குட்டி எலும்பு, தொண்டைல வேற எந்த எலும்போடயும் ஒட்டாம தசையிலயே தொங்கற ஹையாய்டு ஒண்ணு, விலா 24, நெஞ்செலும்பு 1, மிச்சம் 26 முதுகெலும்பு. பொறக்கும்போது அது 33, அப்புறம் கடைசில இருக்கறதுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி திருவெலும்பாவும் வாலெலும்பாவும் ஆயிடுது.

அம்மா கேட்ட கேள்விக்கு பதில் அந்த 26லதான் இருக்கு. கழுத்துல 7, விலா மாட்டியிருக்கற நடு முதுகுல 12, இடுப்புல 5. இந்த இடுப்பு அஞ்சுக்கு லம்பார்னு பேரு, அந்த எல்லுதான் இது, எல் ஃபோர் எல் ஃபைவ்னா மேலேர்ந்து நாலாவதும் அஞ்சாவதும். மீனோட நடுமுள்ள நல்லா பாருங்க, வாலுக்குப் போகப் போக சிறுத்துக்கிட்டே போகும், ஏன்னா மீனோட வெயிட்ட தண்ணி தாங்கிக்குது. நம்மளுது நேர் எதிர், கழுத்துல சின்னதா ஆரம்பிச்சு கீழ வர வர பருத்து எல் ஃபைவ் கிட்ட வரும்போது தடிமனா நிக்குது, ஏன்னா மேல இருக்கற அத்தனை பாரமும் அதுமேலதான். இத அம்மாகிட்ட சொன்னப்ப உடனே புரிஞ்சிக்கிட்டாங்க, எனக்குத்தான் புரிய நாலு நாள் ஆச்சு.

கூடை விஷயத்துக்கு வரேன். சும்மாடு கட்டி தலைல வச்ச பாரம் மண்டை வழியா இறங்கி அட்லஸ்னு சொல்ற மொத கழுத்தெலும்புல உக்காருது, அது ஒரு வளையம் மாதிரிதான் இருக்கும், அங்கேர்ந்து ஒவ்வொரு எலும்பா கைமாத்தி கீழ போகுது. முதுகு நேர்க்கோடு கிடையாது, பக்கவாட்டுல பாத்தா வளைஞ்சி வளைஞ்சி இருக்கும், அந்த வளைவும் ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற டிஸ்க்கும் சேந்துதான் நடக்கும்போது வர அதிர்ச்சிய வாங்கிக்குது. கழுத்து வளைவு குழந்தை தலை நிக்கும்போது வரும், இடுப்பு வளைவு எழுந்து நடக்கும்போது வரும். அம்மா கூடையோட நடக்கறத பாத்திருக்கேன், கழுத்து ஆடாது, இடுப்பு மட்டும் லேசா அசையும், அவ்ளோ அழகா இருக்கும்.

ஆனா அந்தக் கூடைய தரையிலேர்ந்து தூக்கறது வேற கதை. முட்டி மடக்காம குனிஞ்சி பாரத்தை உடம்ப விட்டுத் தள்ளி வச்சித் தூக்கும்போது நெம்புகோல் மாதிரி ஆயி டிஸ்க் மேல அழுத்தம் பல மடங்கு ஏறுது, முன்பக்கம் நசுங்கி உள்ள இருக்கற கூழ் பின்பக்கம் தள்ளுது, பின்னாடிதான் நரம்பு இருக்கு. முதுகெலும்புக்குள்ள ஓடற தண்டுவடம் மொத ரெண்டு லம்பார் எலும்பு கிட்டயே முடிஞ்சிடும், அதுக்குக் கீழ குதிரை வால் மாதிரி நரம்புக் கத்தைதான், அதுலேர்ந்து காலுக்குப் போற நரம்ப டிஸ்க்கு அழுத்துனா இடுப்புல வலியும் காலுல மரமரப்பும் வரும். அம்மா ரெண்டு வருஷமா "காலு எறும்பு ஊருதுடா"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நான் காலுக்குத் தைலம் வாங்கிக் குடுத்தேன்.

நேத்து அம்மாகிட்ட கேட்டேன், கூடைய யாரும் தூக்கி விட மாட்டாங்களான்னு. முன்னாடியெல்லாம் ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கம் பிடிச்சி ஏத்தி விட்டுட்டுதான் கெளம்புவாங்களாம். அப்புறம் கூட வந்தவங்க ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க, பஸ்சப் பிடிக்கணுமேன்னு கடைசி அஞ்சாறு வருஷம் தனியாவே தூக்கியிருக்காங்க.