‘டிக்’ சத்தமும் ஒரு எர்த் பட்டையும்

வால்பாறையில் விடிகாலை. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரே சத்தம். ஸ்டார்ட்டர் சுற்றவே இல்லை. படுக்கை, அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்துக் கட்டிய பழைய டீசல் வேன் எங்களுடையது. “ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜை ஓடவிட்டா இப்படித்தான்” என்றாள் மனைவி. நானும் அதையே நம்பினேன். எஸ்டேட் ஆட்கள் நாலு பேர் தள்ளிவிட, 40 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி முடிக்கும்வரை எஞ்சினை அணைக்கவில்லை.

பொள்ளாச்சியில் புது பேட்டரி மாட்டினோம். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். மதியம் ஒரே திருப்பில் கிளம்பியது. மறுநாள் காலை மறுபடி ‘டிக்’.

அப்புறம்தான் ஊரில் எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன். “அண்ணே, மீட்டர் இருக்கா? ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்பச் சொல்லுங்க.”

லைட் மங்கவில்லை. பேட்டரியில் 12.6 வோல்ட், சாவியைத் திருப்பும்போதும் 12.3-க்குக் கீழே இறங்கவில்லை. ஸ்டார்ட்டர் சரியாகச் சுற்றினால் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், வோல்ட் 10, 11 என்று விழுந்தே தீரும். விழவில்லை என்றால் கரண்டே போகவில்லை. ஃப்ரிட்ஜுக்குத் தனி பேட்டரி உண்டு. இரண்டையும் சேர்க்கும் ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) எஞ்சின் நின்றதும் பிரிந்துவிடுகிறதா என்றும் பார்த்தேன். இரண்டிலும் வெவ்வேறு வோல்ட், ஆகவே ஒட்டிக்கொள்ளவில்லை.

“இப்ப மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொன்னை எஞ்சின் பிளாக்ல, அதான் எஞ்சினோட உலோக உடம்புல வைங்க.” மனைவி சாவியைத் திருப்பினாள். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது, 6 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஆக்சிலரேட்டர் கேபிள்கூட லேசாகச் சுட்டது. எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி, சரியாகக் கிடைக்காத கரண்ட் அந்த கேபிள் வழியாக ஓடப் பார்த்திருக்கிறது!

ஜம்பர் கேபிளில் நெகட்டிவையும் பிளாக்கையும் நேராக இணைத்ததும் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. குற்றவாளி, எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவே இருந்த செம்புப் பின்னல் எர்த் பட்டை. போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்து, கையால் இழுத்ததும் பாதி இழைகள் உதிர்ந்தன. புதுப் பட்டை இருநூற்றைம்பது ரூபாய். சேசிஸில் பெயின்ட்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன்.

பழைய பேட்டரியைத் திருப்பிக் கேட்கப் போனேன். கடைக்காரர் சிரித்தார். அது நேற்றே வேறு ஒரு வண்டியில் ஏறிவிட்டதாம்.