ஷெப்பர்டு கேட்டு வரும் அழைப்புகள்

கோலாலம்பூரில் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை மட்டும் மீட்டு, தேற்றி, வேறு வீடுகளில் சேர்த்துவிடும் சின்னக் குழு ஒன்றில் தொண்டூழியராக இருக்கிறேன். சம்பளம் கிடையாது. பெட்ரோலும் டோலும் கைக்காசுதான். நாய் கேட்டு அழைப்பவர்களிடம் பேசுவது, அவர்கள் வீட்டைப் போய்ப் பார்ப்பது, கொடுக்கலாமா வேண்டாமா என்று குழுவுக்குச் சொல்வது என் பொறுப்பு.

ஒரு ஷெப்பர்டின் படத்தைப் போட்டால் போதும், வாட்ஸ்அப் நிறைந்துவிடும். "தம்பி, சும்மாதானே தர்றீங்க?", "நல்லாக் கடிக்குமா?", "பேப்பர் இருக்கா?" (இனச் சான்றிதழைத்தான் அப்படிக் கேட்பார்கள்.) எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று சொல்வேன்: "கருத்தடை பண்ணித்தான் கொடுப்போம்." பாதிப் பேர் அதோடு காணாமல் போய்விடுவார்கள். குட்டி போட வைத்து விற்கலாம் என்ற கணக்கில் வந்தவர்கள் இந்த ஒரு வரியில் கழன்றுகொள்வதால் எனக்கு வேலை மிச்சம்.

மிச்சமிருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் திருட்டுப் பயம். அதைக் கேலி செய்யமாட்டேன். எங்கள் தாமானிலும் (குடியிருப்புப் பகுதியிலும்) வீடு புகுந்து திருடியிருக்கிறார்கள். ஆனால் கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு கூண்டை வைத்து, நாள் முழுக்க நாயை அதில் அடைத்து வைப்பதுதான் காவல் என்றால் நான் ஒத்துக்கொள்வதில்லை. ஆட்டு மந்தையோடு நாள் பூராவும் ஓடிய மேய்ப்பு நாய்களிலிருந்து வந்த இனம் இது. 1899-இல் மாக்ஸ் ஃபான் ஸ்டெபானிட்ஸ் என்ற ஜெர்மானியக் குதிரைப்படை அதிகாரி ஹோராண்ட் என்ற நாயை வாங்கி, அதிலிருந்துதான் இனப் பதிவேட்டைத் தொடங்கினார். அழகைவிட வேலைத்திறனே அவருக்கு முக்கியம். அப்படிப்பட்ட நாய்க்கு வேலை இல்லாவிட்டால், தானே ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். போகிற மோட்டார் சைக்கிளையெல்லாம் பார்த்துக் குரைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் நகராண்மைக் கழகத்தில் புகார் கொடுப்பார். அப்புறம் எங்களுக்கு ஃபோன் வரும்: "வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

கொண்டுவந்து விடுகிறவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. தரைவீட்டை விற்றுக் கொண்டோமினியத்துக்குப் போனால் அங்கே நிர்வாகம் நாயை அனுமதிப்பதில்லை. அப்பா இறந்துவிட்டார், பிள்ளைகளுக்கோ சிங்கப்பூரில் வேலை. செந்தூலிலிருந்து வந்த ஒரு பெரியவர் சீசர் என்ற நாயோடு அதன் போர்வை, தடுப்பூசி அட்டை, சாப்பாட்டுக் குறிப்பு எல்லாம் கொண்டுவந்தார். "காலையில தோசை கேக்கும். ஒண்ணு போதும், ரெண்டாவதுக்கு நடிக்கும்" என்றார். இப்படியானவர்களிடம் எனக்குக் கோபம் வந்ததில்லை. இரவில் காப்பகத்துக் கதவில் கட்டிவிட்டு ஓடுகிறவர்கள் வேறு. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, கொடுமை நிரூபணமானால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கட்டிவிட்டுப் போனது யார் என்று கண்டுபிடித்தால்தானே!

அப்படி வரும் நாய்களிடம் முதலில் ஈறைப் பார்ப்போம். வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வடியும். ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் தரைமட்டத்தில் இருக்கும். இந்த நோய் ஷெப்பர்டுகளை மற்ற இனங்களைவிடக் கடுமையாகத் தாக்கும். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவ நாய்கள் நூற்றுக்கணக்கில் இதற்குப் பலியாயின. அவற்றில் பெரும்பாலானவை இந்த இனம்தான். வழக்கமாகக் கொடுக்கும் மருந்து டாக்ஸிசைக்ளின், 28 நாள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுத்துவிடும். எங்கள் வழி, சோற்றில் சார்டின் பிசைந்து அதற்குள் மாத்திரையை ஒளித்து வைப்பது. சீசர் சார்டினைத் தின்றுவிட்டு மாத்திரையைத் தட்டிலேயே வைத்துவிடுவான். புத்திசாலி இனம் என்று பெருமை பேசுகிறவர்கள் இதையும் அனுபவிக்க வேண்டும்.

பினாங்கில் தெருநாய்களுக்குச் சோறு போடும் தோழி ஒருத்தி என்னைக் கண்டாலே கேட்பாள்: "நாட்டு நாய் தெருவுல சாகுது, உங்களுக்கு ஷெப்பர்டுக்கு மட்டும் சங்கமா?" 2015-இல் அங்கே வெறிநாய்க்கடி நோய் பரவியபோது தெருநாய்களைப் பிடித்துக் கொன்றதைப் பார்த்தவள் அவள். அவளிடம் நான் சொல்வது இதுதான்: ஷெப்பர்டு கேட்டு அழைக்கிறவர் நாட்டு நாய் கேட்டு உன்னை அழைத்திருக்கவே மாட்டார். என்னிடம் வந்தவரை உன் பக்கம் திருப்பிவிட முடிகிறது. கூண்டைத் தவிர வேறு இடமில்லாதவரிடம், "அண்ணே, கலப்பு நாய் ஒண்ணு இருக்கு. நம்ம வெயிலுக்குத் தாங்கும், முடி அவ்வளவு கொட்டாது, திருடன் வந்தா இதுவும் குரைக்கும். ஆனா கூண்டு வேணாம்" என்று சொல்லிப் பார்ப்பேன். சிலர் எடுத்துக்கொண்டதுண்டு. பலர், "அல்சேஷன் வந்தா சொல்லுங்க" என்று ஷெப்பர்டின் இன்னொரு பெயரைச் சொல்லி ஃபோனை வைத்துவிடுவார்கள். தோழியின் கேள்வி நியாயமானது. என் பதில் அதில் பாதிக்குத்தான் தேறும்.

இந்த ஞாயிறு ராவாங்கில் ஒரு வீடு பார்க்கப் போகிறேன். கார்னர் லாட், அதாவது வரிசையின் மூலை வீடு, பெரிய புல்வெளி. இரவில் நாய் உள்ளேதான் படுக்கும் என்கிறார் அந்த அண்ணன். கருத்தடைக்கும் சரி சொல்லிவிட்டார். வேலி மட்டும் நாலடி. எங்களிடம் இருக்கும் பெட்டை அதை ஓடிவராமலே தாண்டிவிடும். உயர்த்த முடியுமா என்று கேட்டேன். வீட்டுக்காரம்மாவைக் கேட்டுச் சொல்கிறாராம்.