மூன்று மணிக் காலை

அம்மாயியின் கிளினிக் கொப்பியில் நான் எழுதிக் கொடுத்தது சரியாகத்தான் இருந்தது. எலும்பு நலிவுக்கான மாத்திரை, அலன்ட்ரோனேட் 70 மில்லிகிராம், கிழமைக்கு ஒன்று, ஞாயிறு காலை எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீருடன். அரை மணி நேரத்துக்குத் தேத்தண்ணி கூடாது என்று வாயாலும் சொன்னேன். திரும்பப் படுக்கக்கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை. காலையில் எழும்பியவர் ஏன் மறுபடி படுக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

மூன்றாம் மாதம் அம்மாயி நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தார். "எரியுது மிஸ்ஸி. அந்த மாத்திர எனக்கு ஒத்துக்கல."

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு வைத்தியசாலையில் முதியோர் கிளினிக்கில் தாதியாக இருக்கிறேன். அம்மாயிக்கு 71 வயது. முப்பத்தைந்து வருஷம் கொழுந்து பறித்தவர். மழையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்து வந்தபோதுதான் எலும்பு நலிவு என்றே தெரியவந்தது. கண்டிக்குப் போய் எடுத்த ஸ்கேனில், எலும்பின் அடர்த்தியைச் சொல்லும் டீ ஸ்கோர் மைனஸ் 3.1. மைனஸ் 2.5 வந்தாலே எலும்பு நலிவு என்றுதான் கணக்கு.

மாத்திரையை நிறுத்துவது பற்றி டொக்டரிடம் பேசுவதற்கு முன் ஒரு தரம் வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று போனேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இரண்டு காம்பரா, அதாவது இரண்டு அறை, ஏழு பேர். அம்மாயிக்கு முன் விறாந்தையான இஸ்தோப்பு ஓரத்தில் பாய். கக்கூஸ் கீழே, எண்ணிப் பார்த்தேன், 22 படி. பாதிப் படியில் பாசி.

"ஞாயித்துக்கிழமை எத்தன மணிக்குக் குடிக்கிறீங்க அம்மாயி?"

"விடியக்காலைலதான். மூணு மணிக்கு எழும்பி கீழ போயிட்டு வருவேன்ல, அப்ப குடிச்சிட்டுப் படுத்துருவேன்."

தண்ணீர்? இரண்டு மடக்கு. நிறையக் குடித்தால் மறுபடி படியிறங்க வேண்டுமே! பொழுது சாய்ந்ததும் தண்ணீரையே தொடுவதில்லையாம். அரைகுறைத் தண்ணீரில் விழுங்கிப் படுத்தால் அந்த மாத்திரை உணவுக்குழாயிலேயே தங்கிப் புண்ணாக்கும். எரியாமல் என்ன செய்யும்?

தூக்கத்தை அளக்க எங்களிடம் ஒரு வினாத்தாள் இருக்கிறது, 1989இல் பிட்ஸ்பர்க்கில் உருவானது. 21க்கு 5ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை. அம்மாயிக்கு 13. அதில் கக்கூசுக்கு எழும்புவதைக் கேட்கும் கேள்வி இருக்கிறது. 22 படியைக் கேட்கும் கேள்வி இல்லை. மூன்று மணிக்குப் போய் வந்தபின் கண் மூடுவதில்லை என்றார். குளிர் ஒரு பக்கம். விடியக்காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போய்ப் பழகிய உடம்பு நாலரைக்கு மேல் எப்படியும் படுக்கவிடாது. பகலில் அடுப்படியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிடுகிறார். சாய்ந்தே இருப்பதால் நடை குறைகிறது, கால் சூம்புகிறது, அடுத்த இரவுத் தூக்கமும் கெடுகிறது. எது முதலில் வந்தது என்று பிரிக்க என்னால் முடியவில்லை. இஸ்தோப்பில் 4 மீட்டர் அளந்து நடக்கச் சொன்னேன். 5 வினாடிக்குள் கடக்க வேண்டிய தூரம், அம்மாயிக்கு 9 எடுத்தது. ஈரச் சேலையைப் பிழியக் கை ஏலவில்லை. உடம்பும் மெலிந்துவிட்டது, ரவிக்கையைப் பிடித்துத் தைத்திருந்தார். உடல் தளர்ச்சிக்கு 2001இலிருந்து புழங்கும் ஐந்து அடையாளங்களில் மூன்று இருந்தாலே போதும். எடை இறக்கம், அசதி, கைப்பிடியின் பலம், நடை வேகம், நடமாட்டம் என்று ஐந்திலும் அம்மாயி மாட்டிக்கொண்டார்.

"தூக்க மாத்திர ஒன்னு தாங்களேன்" என்று கேட்டார். பக்கத்துக் காம்பராப் பாட்டி தடிமன் மாத்திரையைக் குடித்து நன்றாகத் தூங்குகிறாராம். அந்த மயக்கத்தோடு மூன்று மணிக்குப் பாசிப் படியில் இறங்கினால் அடுத்தது இடுப்பெலும்பு என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

மாத்திரை விஷயம் சுலபமாக முடிந்தது. டொக்டர் சில கிழமை நிறுத்திவைத்து, எரிவு அடங்கியபின் திரும்பத் தொடங்கச் சொன்னார். இப்போது மாத்திரை ஞாயிறில் இல்லை, வெள்ளிக்கிழமையில், பேத்தி பள்ளிக்கூடத்துக்கு எழும்பும் நேரம். முழுக் கிளாஸ் தண்ணீரோடு குடித்துவிட்டு வாசல் கூட்டி, சாமி விளக்கு ஏற்றி முடிக்க அரை மணி ஆகிவிடும். அப்புறம் தேத்தண்ணி. பின்னேரம் வரை தாராளமாகத் தண்ணீர் குடிக்கவும், பகல் தூக்கத்தை அரை மணியோடு நிறுத்தவும் சொல்லியிருக்கிறேன். கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரும் பயிற்சியைப் பேத்தி எண்ணுகிறாள்; பத்துக்குப் பதில் எட்டோடு விட்டுவிடுகிறாளாம்.

இரவுதான் தீரவில்லை. உள்ளே மூடி போட்ட வாளி ஒன்று வைக்கலாம் என்றேன்.

"சாமி படம் இருக்கிற காம்பராவுல வாளியா? நல்லா சொன்னீங்க மிஸ்ஸி!"

அதற்கு மேல் என்னத்தைப் பேச. மகன் படியோரம் ஒரு மூங்கில் கைப்பிடி கட்டி, வெளிச்சுவரில் பல்பும் போட்டுக் கொடுத்தார். போன மாதம் போனபோது பல்பைக் காணவில்லை. வெளிச்சம் கண்ணில் குத்துகிறது, தூங்க முடியவில்லை என்று பக்கத்துக் காம்பராப் பாட்டி கழற்றச் சொன்னாராம்.