முழங்காலளவு கடல்

ஆகஸ்ட் விடுமுறையில் கடல் பார்த்தே தீர வேண்டும் என்று பேரப்பிள்ளைகள் மூவரும் ஒற்றைக்காலில் நின்றதால், மலைநாட்டுப் பசறையிலிருந்து அதிகாலை மூன்று மணிக்கு வேன் பிடித்து, லுணுகலை, பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் ஏ5 வீதியில் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவுக்குப் புறப்பட்டோம். ஏறும்போது எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தோம். மகா ஓயா வருவதற்குள் என்னுடையதையும் சேர்த்து ஏழு ஸ்வெட்டர்கள் என் மடியில் குவிந்து கிடந்தன.

முப்பத்தொரு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த என் மனைவிக்கு ஊரின் பெயரே பிடிக்கவில்லை. பாசி இருக்கும் இடத்தில் கால் வழுக்கும், அட்டையும் இருக்கும் என்பது அவளுடைய கணக்கு. வேனை விட்டு இறங்கியதும் சவர்க்காரத் துண்டு ஒன்றை எடுத்து, அட்டை ஏறாமலிருக்கத் தேயிலை மலைக்குப் போகும் நாளில் பூசுவதைப் போலவே பாதத்திலிருந்து முழங்கால் வரை பூசிக்கொண்டாள். "அப்பாயி, கடல் முழுக்க உப்புத்தானே, அட்டை எப்படி இருக்கும்?" என்று பேத்தி கேட்டதும், சற்று யோசித்துவிட்டுச் சவர்க்காரத்தை மடித்து வைத்தாள். ஆனால், பூசியதைக் கழுவவில்லை.

நான் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்த்து ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை. சட்டம் போடாமல் என்னால் இருக்க முடியாது. "முழங்காலுக்கு மேல் தண்ணீர் வரக் கூடாது, வந்தால் உடனே கரைக்குத் திரும்ப வேண்டும்" என்று மூவரையும் வரிசையில் நிறுத்திச் சொன்னேன். பாசிக்குடாவில் அலை அடங்கிய அந்தக் குடா கரையிலிருந்து வெகுதூரத்துக்கு ஆழமே இல்லாமல் கிடக்கும் என்பது, சட்டம் போட்ட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ரொட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக் கட்டச்சம்பலோடு இரண்டு வாய் சாப்பிட்டு நிமிர்ந்தபோது, பிள்ளைகள் மூன்று புள்ளிகளாகத் தெரிந்தார்கள்.

எட்டாம் நம்பர் மலையில் நின்று கூப்பிட்டால் பத்தாம் நம்பர் மலையில் கேட்கும் குரல் என்னுடையது. அன்று கடற்காற்று அதை அப்படியே என் வாய்க்குள் திருப்பித் திணித்தது. வேறு வழியில்லாமல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நானே இறங்கினேன். நடக்கிறேன், நடக்கிறேன், தண்ணீர் முழங்காலுக்கு வந்தபாடில்லை. கிட்டப் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. தண்ணீர் கடைக்குட்டியின் முழங்காலைத் தொட்டதும், சட்டத்தை மீறக் கூடாது என்பதற்காக அவளைப் பெரியவன் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னேறியிருந்தான்.

"தாத்தா, எனக்கு இன்னும் முழங்கால் வரவே இல்ல!" என்றான் அவன், உண்மையான பெருமிதத்தோடு.

அவனை அதட்டுவதற்காக விரலை நீட்டியபடி ஓரடி முன்னே வைத்தேன். அங்கே மணலில் ஒரு குழி. சாரம் குடையாக விரிந்து மேலே மிதக்க, நான் கடலுக்குள் சப்பணமிட்டு அமர்ந்திருந்தேன்.

"தாத்தாவுக்குக் கழுத்து வரைக்கும் தண்ணி! உடனே கரைக்குப் போகணும்!" என்று தோளில் இருந்தவள் தீர்ப்புச் சொன்னாள். மூவரும் என்னை நடுவில் விட்டுக் கரைவரை அழைத்து வந்தார்கள். வழியில் ஒருவர்கூட என்னோடு பேசவில்லை.

புறப்படும் முன் என் மனைவி ஒன்றரை லீற்றர் போத்தல் நிறையக் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும் என்று பேத்தி பாடப்புத்தகக் கணக்கைச் சொல்லியிருந்தாள். மறுநாள் அதை அடுப்பில் வைத்து வற்றக் காய்ச்சியதில் உண்மையாகவே ஒரு கைப்பிடி உப்புக் கிடைத்தது. நாக்கில் வைத்தால் லேசாகக் கசந்தது. கறிக்கு ஆகாது என்று அதைப் பழந்துணியில் முடிந்து, ஒரு குச்சியின் நுனியில் கட்டிக் கதவோரம் சாத்தி வைத்திருக்கிறாள், அட்டைக்கு.