முதுகில் தலைப்பு இல்லாத நாவல்

சென்னிமலையில் நெடுங்காலம் தறி ஓட்டிய ஒருவர், தம் ஊர் நெசவாளர் வாழ்வை நாவலாக எழுதி, சொந்தச் செலவில் 300 படிகள் அச்சிட்டு, அவற்றை வீட்டுப் பரணில் அடுக்கி வைத்திருந்தார். "நல்லா இல்லீன்னா அப்படியே எழுதிப்போடுங்க" என்று சொல்லி எனக்கு ஒரு படி தந்தார். அந்தச் சொல்லுக்காகவே இருமுறை படித்தேன். வீதியில் பாவு, அதாவது தறிக்கான நெடுக்கு நூல், நீட்டும் காட்சிகளில் மொழி உயிரோடு இருக்கிறது. பின்பாதியில் உரையாடல்கள் நீண்டு தளர்கின்றன. மதிப்புரையில் இரண்டையும் எழுதினேன், ஏனெனில் வெறும் புகழுரை அவருடைய அடுத்த நூலுக்கு எவ்வகையிலும் உதவாது.

நூலை விற்பனைக்குக் கொண்டுபோனபோது, ஈரோட்டுப் புத்தகக் கடைக்காரர் கதையைப் பற்றிக் கேட்கவில்லை. நூலின் முதுகைத்தான் முதலில் பார்த்தார். அங்கே தலைப்பே இல்லை. அலமாரியில் நெருக்கி நிற்கும் நூலுக்கு முதுகுதான் முகம் என்பதை அச்சகத்தில் எவரும் நாவலாசிரியருக்குச் சொல்லவில்லை. பின்னட்டையில், நூலை அடையாளம் காட்டும் 13 இலக்கப் பன்னாட்டு எண்ணான ஐ.எஸ்.பி.என்.னும் இல்லை. இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது. இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

விற்ற பின் பணம் என்ற முறையில், விலையில் 35 விழுக்காடு கடைக்கான கழிவு என்று, 10 படிகளை வாங்கிக்கொள்ளக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். வாடகையும் விற்காத நூல்களின் சுமையும் அவருடையவை என்பதால் அந்தக் கழிவை நான் நியாயமென்றே கருதுகிறேன். எண்ணிக்கை, கழிவு, கணக்கு முடிக்கும் நாள் ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கையொப்பம் பெற்றோம். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா வருவதற்குள், மீதிப் படிகளுக்கு முதுகில் தலைப்புடன் புதிய அட்டை போட வேண்டும்.